அடி ஒட்டிக்கும்

எங்கள் தெருவில் பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. அது இருந்த இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு முண்டு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த முண்டும் தன் பங்குக்கு எதையோ சுட்டிக்காட்டப் பார்க்கும். குழந்தைகள் முகத்துக்கு நேரே ‘வேன் மாமா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘நாலுவிரல்’.

விரல் போனதற்கு வேனுக்குள் ஒரு கதை உலவியது. கத்தியோடு மூன்று திருடர்கள் வந்தார்களாம். மாமா வெறுங்கையால் கத்தியைப் பிடித்தாராம். விரல் கீழே விழுந்த பிறகும் மூன்று பேரையும் துவைத்துக் காயப்போட்டாராம். யார் கட்டிவிட்டதென்று தெரியாது. வருஷத்துக்கு வருஷம் திருடர்கள் பெருகிக்கொண்டே வந்தார்கள். என் மகள் அந்த வேனில் சேர்ந்தபோது ஏழு பேர் ஆகியிருந்தார்கள். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஆறடி உயரம், கதவு மாதிரி முதுகு. அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கதை பொருந்தியது.

உண்மையை அவர் என்னிடம் சொன்னது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் அவர் செய்தது விளங்காது.

பதினைந்து வயதில் தகர டப்பாக்களுக்கு மூடி வெட்டும் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கும். தகரம் வட்டமாக வெட்டுப்பட்டு விழும். சாப்பாட்டு வேளையில் பெரிய பையன்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. புதிதாக வந்தவன் அந்தக் கட்டைக்குக் கீழே கையை வைக்க வேண்டும். ஒருவன் மிதியில் கால் வைத்து அழுத்துவது போலப் போக்குக் காட்டுவான். கையை எடுத்தால் பயந்தாங்கொள்ளி. இவர் வைத்தார், எடுக்கவில்லை. மிதித்தவனுக்குக் கால் வழுக்கியதா, வேண்டுமென்றே மிதித்தானா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

“வலி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல தம்பி,” என்றார். “சுத்திப் பத்துப் பேர் நின்னாங்க. ஒருத்தன் முகத்துலயும் ஐயோங்கிறது இல்ல. என்கூட ஒரே டப்பாவுல சாப்பிடுறவன் குனிஞ்சு, ‘நீ ஏன்டா கையை வெச்ச?’ன்னு கேட்டான். அவனுக்கு என் மேலதான் கோபம்.”

அம்மாவிடம் மிஷினில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார். கட்டிய மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வாய் ஓயாது. அதனால் அவர் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்து, முன்சீட்டில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பின்னால் பதினோரு பேர். கடைசி நீள சீட்டில் நடுவில் உட்காருகிறவன் ‘டான்’. பதினொரு வயது, கட்டுமஸ்தான பையன். அப்பா கம்பியும் சிமெண்டும் விற்கிறவர். அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டானா மற்றவர்கள் வைத்தார்களா தெரியவில்லை. ஆனால் அவன் ஏறும்போது நடுச்சீட்டில் யார் இருந்தாலும் தானாக நகர்ந்துவிடுவார்கள். அவனுக்கு முன் வரிசையில் ஜன்னலோரம் ‘தவளை’. ஒன்பது வயது. சோடாபுட்டிக் கண்ணாடிக்குள் கண்கள் பிதுங்கித் தெரியும். அதனால் அந்தப் பெயர்.

தவளையின் கண்ணாடியை எனக்குத் தெரியும். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒரே வருஷத்தில் நான்கு முறை அவன் அம்மா உடைந்த பிரேமைக் கொண்டுவந்தாள். “விழுந்துட்டான்,” என்பாள் ஒவ்வொரு தடவையும். விழுந்தால் கண்ணாடியின் காது இரண்டும் வெளிப்பக்கமாக மடங்காது. யாரோ பிடுங்கி முறுக்கினால்தான் அப்படி மடங்கும். அது எனக்குத் தெரியும். ஒட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வேன்காரர் கேட்டார். கேட்டது என் மகளிடம்.

“டான் ஏன் தவளையை அடிக்கிறான்?”

“தவளை அழுவான் மாமா. அதான்.”

“அடிச்சா அழாம என்ன செய்வான்?”

“இல்ல மாமா. அடிக்கிறதுக்கு முன்னாடியே அழுற மூஞ்சி. பாத்தாலே அடிக்கணும்னு தோணும்.”

“உனக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

“உனக்கு யாரைப் பிடிக்கும்? டானையா, தவளையையா?”

“டானை,” என்றிருக்கிறாள் யோசிக்காமல். “டானை அவங்கப்பா பைப்பால அடிப்பாரு தெரியுமா? முதுகெல்லாம் கோடு கோடா இருக்கும். அவன் அழவே மாட்டானாம். அதான் அவன் டான்.”

“ஒருநாள் தவளை பக்கத்துல போய் உக்காரேன். பேசிக்கிட்டு வருவான்.”

“ஐயோ வேணாம் மாமா. ஒட்டிக்கும்.”

“எது?”

“அடி ஒட்டிக்கும்.”

அவர் சிரித்துவிட்டாராம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கை கழுவிவிட்டாராம்.

அந்தப் பருவத்தில் வேனுக்குள் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. காம்பஸ் முனையால் தவளையின் தொடையில் குத்தி, ரத்தம் சீட்டில் உறைந்து கிடந்தது. அவர் சீட்டைக் கழுவியபோதுதான் தெரிந்தது. தண்ணீர் பாட்டில் வாரைக் கழுத்தில் மாட்டி இழுத்து, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறான் என்று பார்த்தார்கள். எண்ணியது ஒருவன் இல்லை, கோரஸ். இருபத்துமூன்று வரை எண்ணிவிட்டார்கள். அவர் வண்டியை ஓரம்கட்டி ஓடிவருவதற்குள் தவளையின் உதடு நீலமாகியிருந்தது. டானின் கையைப் பிடித்து இறக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

தலைமையாசிரியையிடம் போனார். “கேட்டுக்கு உள்ளே நடந்தா நாங்க பாப்போம். வேன்ல நடக்கிறது உங்க பொறுப்பு,” என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். தவளையின் அம்மாவிடம் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “இவன் கொஞ்சம் தைரியமா இருந்தா அவங்க ஏன் அடிக்கப் போறாங்க?” என்றாள். டானின் அப்பாவிடம் போனார். அவர் கம்பிக்கட்டு மேல் உட்கார்ந்தபடி, “கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது. வண்டியைப் பாத்து ஓட்டு,” என்றார். மூன்று வாசல் ஏறி இறங்கியதில் அவருக்கு ஒன்று புரிந்தது. பெரியவர்களும் என் மகள் சொன்னதையேதான் கொஞ்சம் வார்த்தை மாற்றிச் சொன்னார்கள்.

ரயில்வே கேட் ஒன்று போகிற வழியில் உண்டு. காலையில் சரக்கு வண்டி போகும்; கேட் பத்து நிமிஷம் மூடியிருக்கும். அன்றைக்கு நல்ல புழுக்கம் என்று பக்கக் கதவை இழுத்துத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுகிற கதவு, இரும்பு, கனமானது. பின்னால் திடீரென்று சத்தம் அடங்கிப்போனது. குழந்தைகள் இருக்கும் வண்டியில் சத்தம் அடங்கினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்தார். கதவு வந்து மூடுகிற சட்டத்தில் தவளையின் வலது கை இருந்தது. கதவின் பிடியில் டானின் கை. யாரும் தவளையைப் பிடித்திருக்கவில்லை. அவனாகவே வைத்திருந்தான்.

“ஒண்ணு… ரெண்டு…” என்றது கோரஸ்.

“எடுடா கையை,” என்று அவர் கத்தியதும் கதவு விழுந்ததும் ஒன்றாக நடந்தன.

இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓடிக் கதவை இழுத்தார். இரண்டு விரல்கள் நகத்தோடு நசுங்கித் தட்டையாக இருந்தன. ஒன்றில் எலும்பு வெளியே வந்திருந்தது. ரத்தம் முழங்கைவரை ஓடிச் சீருடையில் சொட்டியது. தவளை அழவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், டானைப் பார்த்து, “அழாம இருந்தேன்ல?” என்று கேட்டான்.

அதற்குப் பிறகு தான் என்ன செய்தோம் என்பதை அவர் மற்றவர்கள் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார். டானைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கினார். முதல் அறையில் அவன் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தலை சீட்டுக் கம்பியில் மோதியது. மூன்றாவது காதோடு சேர்த்து விழுந்தது. அவன் கையை முறுக்கி இழுத்து அதே சட்டத்தில் அழுத்தினார். இன்னொரு கை கதவின் பிடிக்குப் போயிற்று.

“வை. வைடா கையை.”

அப்போதுதான் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். பயந்து அலறியிருப்பார்கள் என்று நினைத்தார். ஒருவரும் அலறவில்லை. பத்து முகங்கள் முன்னுக்கு நீண்டு, வாய் லேசாகத் திறந்து, கண் பளபளக்கக் காத்திருந்தன. கதவு எப்போது விழும் என்று.

“உங்க பொண்ணும்தான் தம்பி,” என்றார் என்னிடம். “சீட்டு மேல ஏறி நின்னு எட்டிப் பாத்தா.”

கதவிலிருந்து கையை எடுத்தார். டானைக் கீழே விட்டார். கேட் திறந்ததும் வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தவளை வழியிலேயே மயங்கிவிட்டான்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் வேன் நின்றதும் டானின் அப்பா வந்தார். கூட இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் முழ நீளக் கம்பித் துண்டு. இவர் இறங்கி, “பையனை அடிச்சது தப்புதான், நான்…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முதல் அடி தோள்பட்டையில். காறை எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வேன் ஓட்டுநருக்குக் கேட்டிருக்கிறது. அடுத்தது முழங்காலுக்குப் பின்னால். ஆறடி மனிதர் மண்டிபோட்டார். டானின் அப்பா அவர் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை வேனின் முன்பக்கத்தில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. முன்பற்கள் நான்கும் தரையில் விழுந்தன. பிறகு கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். இவர் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடிக்க முடியாமல் இல்லை. அந்த மூன்று பேரில் யாரையாவது பிடித்திருந்தால் அவர் கையில் அவன் முறிந்திருப்பான். நேற்று கதவின் பிடியில் கை வைத்தது நினைவில் இருந்தது. அதனால் கையை மடக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கிடந்தார்.

மற்ற வேன்காரர்கள் நின்று பார்த்தார்கள். காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டார். வேன் ஜன்னல் முழுக்க முகங்கள், கண்ணாடியில் மூக்கு ஒட்டியபடி.

அன்று இரவு சாப்பாட்டில் உட்கார்ந்து என் மகள் சொன்னாள்: “அப்பா, மாமா எப்படி விழுந்தாரு தெரியுமா?” எழுந்து நின்று, கண்ணைச் செருகி, முட்டியைத் தளர்த்தித் தரையில் ‘சொத்’தென்று விழுந்து காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் பேசினார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். “இந்த உடம்பை வெச்சுக்கிட்டு ஒரு அடி திருப்பி அடிக்கல. நான் அடிச்சிருந்தாக்கூட நாலு பல்லைத் தட்டியிருப்பேன்,” என்றாள் என்னிடம். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, “நீ பையனை அடிச்ச, அவங்க உன்னை அடிச்சாங்க, சரியாப் போச்சு,” என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வண்டி எடுத்தார். அதுவரை வேறு ஒருவர் ஓட்டினார். முதல் நாளே என் மகள் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். “இங்க வா ரேடியோ,” என்று கூப்பிட்டதற்கு, “எனக்கு முன்சீட்டுல வாந்தி வரும்,” என்றாளாம். ‘மாமா’ என்று யாரும் கூப்பிடவில்லை. அவர் பிரேக் போடும்போதெல்லாம் யாராவது ‘சொத்’தென்று விழுந்து காட்டினார்கள். விரல் கதையையும் திருத்தி எழுதிவிட்டார்கள். திருடர்கள் ஏழு பேரெல்லாம் இல்லையாம், ஒரே ஒருவன்தானாம். மாமா அழுதாராம். அதனால் வெட்டினானாம்.

இதையெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது தவளை. அவன் இப்போது ஜன்னலோரம் இல்லை. கடைசி சீட்டில் டானுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தான். கதவில் கை வைத்து அழாமல் இருந்தவன் என்பதால் அந்த இடம். வலது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் கட்டு. இடது கையால் முன்னால் இருந்த ஆறு வயதுப் பையனின் தலையில் விட்டுவிட்டுக் குட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பையனுக்கு ‘குட்டி’ என்று பெயர். குட்டு வாங்குவதற்கென்றே வைத்த பெயர் போல ஆகிவிட்டது. இரண்டாம் நாள் ஒரு பென்சில் பெட்டி பறந்துவந்து அவர் பிடரியில் பட்டது. முறிந்து கூடிய எலும்புக்குப் பக்கத்தில். கண்ணாடியில் பார்த்தார். எறிந்த கை தவளையுடையது. சிரித்தவர்களில் பெரிய சிரிப்பும் அவனுடையதுதான்.

“கோவம் வரலையா அண்ணே?” என்று கேட்டேன்.

“வரல. ஏன்னா அவனை எனக்குத் தெரியும் தம்பி,” என்றார். பிறகு, அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

பட்டறையில் மறுவருஷம் ஒரு புதுப் பையன் வந்தான். ஒல்லிக்குச்சி. ‘எலி’ என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் அவன் கையை வைக்க மறுத்தான். அழுது திமிறினான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கட்டைக்குக் கீழே வைத்து அமுக்கியது, நான்கு விரலோடு நின்ற இவர்தான். “யாரும் என்னைப் பிடின்னு சொல்லல. எல்லாரும் அவனைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு வருஷமா என்னைப் பாத்த மாதிரி. அந்தப் பார்வை என்னை விட்டுப் போச்சுடா சாமின்னு இருந்துச்சு.” எலிக்கு நடுவிரலும் மோதிர விரலும் போயின.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. தவளை குட்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். டான் எண்ணிக்கொண்டிருந்தான். இவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

“இது எப்படிப் போச்சு தெரியுமா?”

“திருடன் வெட்டிட்டான்,” என்றது ஒரு குரல். சிரிப்பு.

“திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்று ஆரம்பித்து, பட்டறைக் கதையைச் சொன்னார். கையை வைத்தது, மிதி இறங்கியது, மூடிகளுக்கு நடுவே விரல் கிடந்தது, கூட்டாளி கேட்டது. குழந்தைகள் கொஞ்ச நேரம் கேட்டார்கள். அப்புறம் நெளிந்தார்கள். டான் கொட்டாவி விட்டான். அடிபட்டவன் கதை அவர்களுக்குப் பழசு. அவர் எலியின் கதைக்கு வந்தார். மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னார். வேன் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நீங்களே பிடிச்சீங்களா?” என்றான் டான்.

“நானேதான்.”

“எத்தனை விரல்?”

“ரெண்டு.”

“அப்போ நீங்க டான்,” என்று யாரோ சொன்னார்கள். அதில் கேலி இல்லை. நிஜமான மரியாதை இருந்தது. என் மகள் அன்று வீட்டுக்கு வந்து, “மாமா ஒருத்தன் விரலையே எடுத்துட்டாரு,” என்று பெருமையாகச் சொன்னாள். அவர் இதற்காகச் சொல்லவில்லை. பாவம், கல்லில் நார் உரிக்கப் பார்த்தார். அந்தக் கணத்தில் வண்டியிலிருந்து இறங்கி நடந்துபோய்விடலாமா என்று இருந்ததாம்.

தவளை மட்டும் சிரிக்கவில்லை. குட்டியின் காதை எப்போது விட்டான் என்று தெரியாது. விட்டிருந்தான்.

“அவன் பேரு என்ன மாமா?” என்று கேட்டான்.

“எலி.”

“அது பட்டப்பேரு. நிஜப் பேரு?”

அவர் யோசித்தார். ஒன்றரை வருஷம் ஒரே பட்டறையில் வேலை செய்த பையன். பெயர் வரவில்லை. மறந்துபோகவில்லை. ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டறை இருந்த இடத்துக்குப் போனார். அங்கே இப்போது கார் கழுவுகிறார்கள். பக்கத்துத் தையல் கடைக்காரர் பட்டறைக் கணக்கரின் மகனைக் காட்டினார். அந்த மகன் இன்னொருவரைக் காட்டினார். மூன்று ஞாயிறு இப்படி அலைந்து, ஊருக்கு வெளியே ஒரு கோழித் தீவனக் கடையைக் கண்டுபிடித்தார். பெயர்ப்பலகையில் உரிமையாளர் பெயர் போட்டிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனார்.

கல்லாவில் இருந்தவர் ஒல்லியாக இல்லை. தொந்தி, நரைத்த மீசை. வலது கையில் மூன்று விரல்களால் தீவனத்தை அள்ளி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவரின் இடது கையைப் பார்த்ததும் அள்ளுவது நின்றது.

“தெரியுதா?” என்றார் இவர்.

“தெரியுது. நீயும் என்னை மாதிரி ஒருத்தன். உனக்கு எனக்கு முன்னாடியே போச்சு. உக்காரு.”

“உக்கார வரல. அன்னைக்கு உன் கையைப் பிடிச்சு அமுக்கினது நான்தான்.”

கடைக்காரர் முதலில் நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளருக்கு மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். வாடிக்கையாளர் வெளியே போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து, அந்த மூன்று விரல் கையாலேயே முகத்தில் குத்தினார். புதிதாகக் கட்டிய பல்செட் உடைந்து வாய்க்குள் குத்தியது. இரண்டாவது குத்து வயிற்றில். இவர் மூட்டைகள்மேல் சரிந்தார். கடைக்காரர் தராசுத் தட்டிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கினார். தலைக்கு மேல் தூக்கியவர் அப்படியே நின்றார். எடைக்கல்லைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“முப்பத்தஞ்சு வருஷமா நான் வெறுத்தது மிதிச்சவனை,” என்றார். “பிடிச்சவன் முகத்தை நான் பாக்கவே இல்ல. என் கண்ணு மிதி மேல இருந்துச்சு. நீ வந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் இவர்.

“பின்ன எதுக்கு வந்த?”

இவர் வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் ‘டங்’கென்று வைத்தார்.

“கொப்பளிச்சுட்டுப் போ. பின்பக்கமாப் போ. முன்னால என் பொண்ணு வர்ற நேரம்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தாள். “இப்ப யாரு?” என்றாள். இந்த முறை அவர் ஒன்றையும் விடாமல் சொன்னார், பதினைந்து வயதிலிருந்து. அவள் உடைந்த பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். “மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னுதானே சொன்ன,” என்றாள் ஒரே ஒரு தடவை. அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உப்பு வாங்கக் கடைக்கு அந்த வழியாகப் போனபோது அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை.

தவளை அதற்குப் பிறகு குட்டியை அடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். அடித்தான். இரண்டு முறை என் மகளே சொன்னாள். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. “தவளை அடிச்சான். குட்டி ஒண்ணுமே பண்ணலப்பா,” என்றாள். ‘ஒண்ணுமே பண்ணல’ என்ற சொல்லை அதற்கு முன் யாரைப் பற்றியும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நான் என் பங்குக்குத் தவளையின் அம்மாவைக் கடைக்குக் கூப்பிட்டு, மடங்கிய பிரேம்களைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளும் நானுமாகத் தலைமையாசிரியையிடம் போனோம். வேனில் இன்னொரு பெரிய ஆள் இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது.

அந்த ஆளாக ஏறியது வேன்காரரின் மனைவி. குள்ளம், நல்ல பருமன். தையல் மிஷின் வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். முதல் நாள் ஏறியதும் கடைசி சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தாள். டான் வந்து நின்று பார்த்தான்.

“அது என் இடம்,” என்றான்.

“அப்படியா? பேரு எழுதியிருக்கா?” என்று எழுந்து சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். “இல்லையே. வா, பக்கத்துல உக்காரு. உதட்டுல அந்தத் தழும்பு அவரு அடிச்சதா? காட்டு.”

அவன் காட்டவில்லை. உட்கார்ந்தான்.

இரண்டாம் நாள் டானுக்கும் தவளைக்கும் கைகலப்பு வந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. முடி ஒருவன் கையில், கண்ணாடி இன்னொருவன் கையில். மற்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். அவள் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. இருவரையும் இரண்டு பக்கமும் விலக்கி, இடையில் தன் முழு எடையோடு அமர்ந்து, தவளையின் கண்ணாடியை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்து அவன் மூக்கில் மாட்டினாள். பிறகு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளி வரும்வரை எழுந்திருக்கவில்லை. தூங்கினாளா, பாசாங்கா என்று வேனுக்குள் இன்னும் தர்க்கம் நடக்கிறது.